காமிரா உள்ளுக்கு மயில்கழுத்து நிறம்

கேள்வி: எங்கள் வீடு கும்பகோணத்துக்குப் பக்கத்தில், அரசலாற்றங்கரைக் கிராமம் ஒன்றில் இருக்கிறது. என் கணவரின் தாத்தா கட்டியது. சென்னையை விட்டு, 6 வயது மகளோடு இங்கேயே வந்துவிட்டோம். கூடத்தை ஒட்டிய காமிரா உள்ளைப் படுக்கையறை ஆக்கிக்கொள்ள ஆசை. 12-க்கு 10 அடி. சிவப்பு சிமெண்ட் தரை, மேலே தேக்கு உத்திரக் கட்டைமேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் தளம், கொல்லையைப் பார்த்து ஒரே ஜன்னல். தாத்தாவின் கட்டிலும் நிலைக்கண்ணாடியும் கொட்டகையில் கிடக்கின்றன. கரும்பச்சையும் கரிநிறமும் பூசிய சுவர், மஞ்சள் விளக்கு, பழைய மரச்சாமான் என்று படங்களில் பார்த்த அறைகள் மனதை விட்டுப் போகவில்லை. மாமியாரோ, "இருட்டு அறையை இன்னும் இருட்டாக்குவாளா? கொசுதான் அடையும். கருப்பு நல்லதும் இல்லை" என்கிறார். பெயிண்டர், பட்டி வைத்து நாலு சுவரிலும் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்துவிடலாம், ஒரு வாரத்து வேலை என்கிறார். கீழே அங்கங்கே காரை உப்பிக்கொண்டு வருகிறது. என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அடர் நிறம் உங்கள் அறைக்குப் பொருந்தும். ஆனால் நாலு சுவருக்கும் வேண்டாம், கரிநிறம் வேண்டாம், இந்த மார்கழியில் வேண்டவே வேண்டாம். பெயிண்டரிடம் மாசி பிறக்கட்டும் என்று சொல்லி வையுங்கள். உங்கள் கடிதத்தில் நிறத்தைப் பற்றி நிறைய எழுதிவிட்டு, காரை உப்புவதைக் கடைசியில் ஒரு வரியில் சொல்லியிருக்கிறீர்கள். நான் அந்த வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதற்கு முன் அந்த அறையைப் பற்றி ஒரு வார்த்தை. காமிரா என்பது போர்த்துகீசியச் சொல். அறை என்று பொருள். ஜன்னல், அலமாரி, சாவி, மேசை எல்லாமும் அவர்கள் மொழியிலிருந்து நம் பேச்சில் வந்து தங்கியவைதான். நம் பக்கத்து வீடுகளில் திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று எல்லாம் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் திறந்து கிடக்க, காமிரா உள் மட்டும் ஒற்றை ஜன்னலோடு அரை இருட்டாக இருக்கும். சித்திரை வெயிலில் முற்றத்திலிருந்து உள்ளே நுழைந்தால் கண் பழக ஒரு நிமிடம் ஆகும். அதற்குள் உடம்பு குளிர்ந்துவிடும். நீங்கள் படத்தில் பார்த்து ஆசைப்பட்ட கதகதப்பும் அடக்கமும் அந்த அறையில் ஏற்கெனவே இருக்கின்றன. சிவப்புத் தரை, கறுத்த தேக்குக் கட்டை, ஒன்றரை அடிச் சுவர். இருக்கும் அடர்த்தியோடு சேர்ந்து நிற்கும் நிறத்தைத்தான் நாம் தேட வேண்டும். மேலே கொண்டுவந்து ஒட்டிய மாதிரி இருக்கக் கூடாது.

சரி, ஓதத்துக்கு, அதாவது சுவரில் ஏறும் ஈரத்துக்கு வருவோம்.

டெல்டாவில் பழைய வீட்டுச் சுவர் என்பது செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். கீழே வண்டல் மண், அதற்குக் கீழே கொஞ்ச ஆழத்திலேயே தண்ணீர். ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு எதுவும் அந்தக் காலத்து அஸ்திவாரங்களில் பெரும்பாலும் கிடையாது. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போலச் செங்கல் தண்ணீரை மேலே இழுக்கும். வழக்கமாக இரண்டு மூன்று அடிவரை ஏறும். தண்ணீர் காற்றில் உலர்ந்துவிடும். அதோடு வந்த உப்பு உலராது. அது காரைக்குள் படிகமாகி, தூக்கி, உப்ப வைத்து உதிர்க்கும். சுவர் சுண்ணாம்பாகவே இருந்தால் ஈரம் வந்த வழியிலேயே ஆவியாகிப் போய்விடும். மேலே சிமெண்ட் பூசினாலோ, பட்டி வைத்துப் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தாலோ அதற்கு வழி அடைபட்டுப் போகும். அடைபட்ட ஈரம் சும்மா இருக்காது, இன்னும் மேலே ஏறி வேறு வழி தேடும். மூன்றடியில் நின்ற ஓதம் நாலரை அடிக்கு வந்துவிட்ட வீடுகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் கீழே சிமெண்ட் பூச்சு இருந்தது.

வெள்ளைச் சுவரில் உப்பு பூத்தால் பாதி கண்ணுக்கே தெரியாது. அடர் நிறத்தில் ஒவ்வொரு பூவும் தெரியும். இதை நான் கற்றுக்கொண்ட இடத்தை மறக்க முடியவில்லை. தொழிலுக்கு வந்து நாலைந்து வருடம் இருக்கும். திருவையாற்றுப் பக்கம் ஒரு வீட்டில் பெண்ணுக்குத் தையில் கல்யாணம். மாப்பிள்ளை அறையைக் கருநீலத்தில் கேட்டார்கள். ஐப்பசி மழையில், சுவர் தொட்டால் சில்லென்று இருக்கும்போதே, தேதிக்குப் பயந்து பூசிக் கொடுத்தேன். முடித்த அன்று எல்லோரும் வாசலில் நின்று பார்த்தார்கள், அவ்வளவு அழகு. கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பு அந்தப் பெண்ணின் அப்பா என்னைக் கூப்பிட்டு அறையைக் காட்டினார். கருநீலத்தின் அடியில், ஒரு முழ உயரத்துக்கு, வெள்ளையாக உப்பு படர்ந்திருந்தது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அவர் என்னை நம்பிப் பணம் கொடுத்தவர். தவறு முழுக்க என்னுடையது. அதிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நிற அட்டையை எடுப்பேன்.

ஆகவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது ஒரு சோதனை. ஒரு அடி சதுரத்தில் தடித்த பிளாஸ்டிக் தாள் எட்டு வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுவரிலும் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஒன்று, நாலடியில் ஒன்று என்று வைத்து, நாலு ஓரமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் ஈரமாக இருந்தால் அறைக்குள் இருக்கும் காற்றின் புழுக்கம். ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி சரியாகும்.

உள்ளிருந்துதான் வருகிறது என்றால், காரணத்தை வெளியே போய்த் தேடுங்கள். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை இருக்கிறதா? முற்றத்தில் இரண்டு கூரைச் சரிவு சேரும் கூடல்வாயின் தகடு ஓட்டையாகி மழைநீர் சுவரோரம் கொட்டுகிறதா? கொல்லைப்புற மண் வீட்டுத் தரைமட்டத்துக்கு மேலே ஏறி நிற்கிறதா? நம் ஊர்த் தெருக்களில் ரோடு போடப் போட உயர்ந்து, படி ஏறிப் போன வீடுகள் படி இறங்கிப் போகும் வீடுகள் ஆகிவிட்டன. கொல்லையிலும் வருடா வருடம் கொட்டிய மண்ணும் சருகும் அதே வேலையைச் செய்கின்றன. சுவரோரம் ஒரு முழ அகலத்துக்கு அந்த மண்ணை வெட்டி எடுத்து, தண்ணீர் வெளியே ஓடுகிற வாட்டம் கொடுத்தாலே நிறைய வீடுகளில் ஓதம் ஒரு அடி இறங்கிவிடும். சுவரில் துளை போட்டு மருந்து ஊசி போடுவது, ரசாயனம் பூசுவது எல்லாம் அதற்கப்புறம் யோசிக்க வேண்டியவை.

அறைக்குள்ளே, உப்பிய காரையை ஓதக் கோட்டுக்கு ஒரு அடி மேல்வரை கொத்தி எடுக்கச் சொல்லுங்கள். யாராவது இடையில் சிமெண்ட் பூசியிருந்தால் அதையும். வெளியே பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிக் கூட்டி அள்ளுங்கள்; தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். மாசி, பங்குனிக் காற்றில் சுவர் திறந்து கிடந்து காயட்டும். பிறகு சுண்ணாம்புக் காரையே பூசுங்கள். அது இறுக வாரக்கணக்கில் ஆகும், அவசரப்படுத்த முடியாது. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறப்பதுதான் வழக்கம். திறந்து சில நாளில் அரசலாற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் ஓடும், கிணறு ஊறும். வைகாசி முடிவதற்குள் வேலை முடிவது போலக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தாலும் ஆற்றங்கரை வீட்டில் ஓதம் அடியோடு போய்விடும் என்று நான் சொல்ல மாட்டேன். அதனால் கீழ்ப்பகுதிக்குப் பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டாம். அங்கேதான் நம் பழைய வீடுகளின் காவிப்பட்டை கைகொடுக்கிறது. தரையிலிருந்து ஜன்னலின் அடிக்கட்டை மட்டம்வரை, அறையைச் சுற்றிலும் ஒரே உயரத்தில், சுண்ணாம்பில் காவி கலந்து அடியுங்கள். நன்றாக நீர்த்து வடிகட்டிய சுண்ணாம்பில் இரும்பு ஆக்சைடு காவி, எடைக்குப் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சாய்ந்து உட்காரும்போது சட்டையில் ஒட்டும். சுவரை நனைத்துவிட்டு, மெலிதாக மூன்று நாலு கை அடிக்க வேண்டும். ஈரத்தில் ரத்தச் சிவப்பாகத் தெரிவது காய்ந்ததும் செங்கல் நிறத்துக்கு வெளுக்கும்; பயந்துபோய் இன்னும் காவி கொட்டிவிடாதீர்கள். நாளைக்கு எங்காவது உப்பு பூத்தால் தட்டிவிட்டு, அந்த இடத்தில் மட்டும் ஒரு கை அடித்துக்கொள்ளலாம். ஒரு மணி நேர வேலை, செலவும் சொற்பம். தரைச் சிவப்பு சுவரில் ஏறி வந்த மாதிரி இருக்கும். பட்டையின் மேல் விளிம்பில் விரல் கனத்துக்கு ஒரு கருப்புக் கோடு இழுக்கச் சொல்லுங்கள். கரிநிறத்தின் மேல் உங்களுக்குள்ள ஆசைக்கு அந்தக் கோடு போதும்.

படங்களில் கீழ்ச்சுவருக்கு மரப்பலகை அடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது நம் ஊருக்கு ஆகாது. ஓதச் சுவரில் பலகை அடித்தால் பின்னால் கரையான் குடும்பம் நடத்தும். நமக்குத் தெரிய வரும்போது உத்திரம்வரை போயிருக்கும்.

இப்போது நிறம். பெயிண்ட் கடை அட்டையை மூடி வைத்துவிட்டு, மாமியாரின் பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள். அடர் நிறங்களுக்கு நாம் சொல்லும் பெயர்கள் பலவும் புடவையோடு புழங்குபவை: அரக்கு, மயில்கழுத்து, பாக்கு, கத்தரிப்பூ. அட்டையில் இருக்கும் விரல் நீளத் துண்டை வைத்து ஒரு சுவரை யாராலும் கற்பனை செய்ய முடியாது. ஒரு புடவையைக் கயிற்றில் போட்டுச் சுவரோரம் தொங்கவிட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பகலில் ஒரு தடவை, சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு தடவை, ராத்திரி படுக்கும்போது ஒரு தடவை பாருங்கள். அரக்கில் ஒரு கூறைப்புடவை இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள். மாயவரத்துக் கூறைநாட்டுப் பட்டும் பருத்தியும் கலந்த கட்டம், பட்டின் பளபளப்பு அதிகமில்லாமல், சுவருக்கு எது எடுக்கும் என்று நன்றாகக் காட்டிக்கொடுக்கும்.

என் தேர்வைக் கேட்டால் மயில்கழுத்து. பச்சையும் நீலமும் சரிபாதியாகக் கலந்து, கொஞ்சம் கருப்பு தட்டியது. சிவப்புத் தரைக்குப் பக்கத்தில் பச்சை நீலம் வந்தால் இரண்டும் ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும். அரக்குப் புடவைக்கு மயில்கழுத்து பார்டர் வைத்த நெசவாளிக்கு இது தெரியும். கரிநிறம் சாம்பல் தரைக்கும் வெள்ளை டைல்ஸுக்கும் பொருந்தலாம். சிவப்புத் தரைமேல் அது புகைபிடித்த அடுப்படிச் சுவர் போலத் தெரியும். இதில் உங்கள் மாமியார் பக்கம்தான் நானும்.

அந்த மயில்கழுத்தைக் கட்டிலின் தலைமாட்டுச் சுவருக்கும், அதை ஒட்டி ஜன்னலுக்கு எதிரே வரும் சுவருக்கும் மட்டும் பூசுங்கள். காவிப்பட்டைக்கு மேலேதான். பிளாஸ்டிக் தாள் காய்ந்தே இருந்த உயரம் என்றால் அங்கே நல்ல எமல்ஷன், அதாவது பெயிண்டர் சொன்ன பிளாஸ்டிக் பெயிண்டே அடிக்கலாம். பழைய சுண்ணாம்பு அடுக்குகளைச் சுரண்டி, கையில் மாவு ஒட்டாத அளவுக்கு எடுத்த பிறகுதான் பிரைமர். இல்லாவிட்டால் பெயிண்ட் தோல் தோலாக உரியும். பிரைமரில் கொஞ்சம் சாம்பல் நிறம் கலக்கச் சொன்னால் மேல்நிறம் சீக்கிரம் மூடும். அப்படியும் அடர் நிறம் மூன்று கை கேட்கும். கடையில் மெஷினில் கலக்கும்போது மொத்தத்தையும் ஒரே தடவை வாங்கிவிடுங்கள்; பாதியில் போய் வாங்கினால் நிறம் மயிரிழை மாறினாலும் சுவரில் கோடு தெரியும். முழு மேட் வேண்டாம். அடர் மேட் சுவரில் குழந்தை தோள் உரசிப் போனாலே வெளுத்த தடம் விழும். பட்டுப்போல லேசாக மின்னும் வகையைக் கேளுங்கள், ஈரத்துணியால் துடைக்கலாம்.

ஜன்னல் சுவரை அடர்த்தியாக்காதீர்கள். வெளியே கொல்லை வெயில், அதைச் சுற்றி இருண்ட சுவர் என்றால் கண் கூசும். பகலில் அந்தப் பக்கம் பார்த்துப் படிக்கவே முடியாது. அதற்கும் கதவுச் சுவருக்கும் வெளிறிய சந்தன நிறம் போதும். சுவருக்குள் விளக்கு வைக்கும் மாடப்பிறை இருந்தால் அதன் உட்பக்கம் மட்டும் மஞ்சள் காவி பூசி, உள்ளே ஒரு சின்ன விளக்கு வையுங்கள். அந்த அறையில் நான் முதலில் செய்ய ஆசைப்படுவது அதைத்தான்.

இருட்டாகிவிடும் என்ற பயம் நியாயமானது. சுண்ணாம்பு வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் முக்கால் பங்குக்கு மேல் திருப்பித் தரும். மயில்கழுத்து பத்தில் ஒரு பங்கு தந்தால் அதிகம். அதனால் உத்திரக் கட்டைகளுக்கு நடுவே இருக்கும் தளத்தை வெள்ளைச் சுண்ணாம்பாகவே விடுங்கள். நிலைக்கண்ணாடியை ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் வையுங்கள், கொல்லை வாழையும் வானமும் உள்ளே வரும். விளக்கில் ஒரு முடிவு எடுங்கள்: நடுவில் ஒரே டியூப்லைட் கூடாது. நம் வீடுகளில் வழக்கமாகப் போடும் 6500 கெல்வின் வெள்ளையில் சிவப்புத் தரை செத்துவிடும், தேக்கு சாம்பல் பூத்துவிடும். பல்பு டப்பாவில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருப்பதைத் தேடி வாங்குங்கள். ஒன்றுக்குப் பதில் நாலு இடத்தில் சின்னச் சின்னதாக: கட்டிலுக்கு இரு பக்கமும் ஒவ்வொன்று, மாடப்பிறையில் ஒன்று, கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒன்று. மஞ்சள் வெளிச்சத்தில் மயில்கழுத்தின் நீலம் அடங்கிப் பச்சை எழும்பும். பகலில் ஒரு அறை, ராத்திரியில் இன்னொரு அறை. அப்புறம், பாடம் படிக்கவும் துணி மடிக்கவும் ஒரு பளிச்சென்ற விளக்குத் தனி சுவிட்சில் இருக்கட்டும். அழகுக்காகக் குழந்தை கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்கக் கூடாது.

பழைய மாதிரிச் சுவிட்சுகள் வேண்டுமானால் மரக்கட்டை மேல் பொருத்தும் கருப்புச் சுவிட்சுகள் இன்னும் புதிதாகக் கிடைக்கின்றன. பழைய வயரை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஓதச் சுவர் உள்ள வீட்டில் மொத்த வயரும் மாற்றி, எர்த் சரிபார்த்து, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் போட வேண்டும். சுண்ணாம்புச் சுவரைக் குடைந்து பைப் பதிப்பதைவிட, உத்திரத்து ஓரமாக வெளியில் நேராக ஓட்டுவது சுவருக்கும் நல்லது, பார்க்கவும் அந்தக் காலத்து ஒழுங்கோடு இருக்கும்.

ஜன்னல் கதவுகளில் பச்சை எனாமல் அடுக்கடுக்காக இருக்கும் என்று நினைக்கிறேன். இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பரிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் நிறையவே இருக்கலாம். உப்புத்தாளால் காயவைத்துத் தேய்த்தால் அந்தத் தூசி தரையில் படிந்து, குழந்தையின் கையிலிருந்து வாய்க்குப் போகும். குழந்தையின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும். அதனால் கதவுகளைக் கழற்றிக் கொல்லைக்கு எடுத்துப் போய், நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். தேய்ப்பவர் நல்ல முகமூடி போட்டுக்கொள்ள வேண்டும். வழித்ததைச் சாக்கில் கட்டி அப்புறப்படுத்துங்கள், வாழைக்கு அடியில் கொட்டாதீர்கள். அந்த இரண்டு மூன்று நாள் மகள் பாட்டியோடு வேறு எங்காவது இருக்கட்டும். பெயிண்ட் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தால் சுரண்டவே வேண்டாம். மேலேயே புதிது அடித்துவிடலாம்.

உத்திரத்தையும் கட்டிலையும் எனாமலால் மூடாதீர்கள். முதலில் விரலால் தட்டிக்கொண்டே போங்கள். பொந்துச் சத்தம் கேட்டாலோ, மண் கோடு ஏறியிருந்தாலோ கரையான். கீழே மாவு கொட்டியிருந்தால் மரத்தைத் துளைக்கும் உளுப்பூச்சி. மருந்தடித்து ஒரு மாதம் பார்த்த பிறகே கட்டில் உள்ளே வரட்டும். உத்திரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் இரண்டு கை போதும். எண்ணெய் தொட்ட துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அவை தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயவிடுங்கள். கட்டிலுக்கு பிரெஞ்சு பாலிஷ். பெயர்தான் பிரெஞ்சு, பொருள் நம் அரக்கு. ஈரக்காற்றில் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும் என்பதால், நல்ல வெயில் நாளில் பத்து மணிக்கு மேல் அடிக்கச் சொல்லுங்கள்.

கொசு விஷயத்தில் மாமியார் சொல்வது உண்மை. கொசு பகலில் இருண்ட, காற்றில்லாத மூலைகளில்தான் ஒதுங்கும். அதற்குக் காரணம் சுவரின் நிறம் மட்டும் இல்லை. கொடியில் தொங்கும் துணி, சுவரோடு ஒட்டிய பீரோவின் பின்பக்கம், கட்டிலடிச் சாமான் எல்லாம் சேர்ந்துதான். எதையும் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளியே வையுங்கள், ஓதத்துக்கும் அதுதான் நல்லது. ஜன்னலுக்கு வலை அடியுங்கள். தாத்தாவின் கட்டிலில் நாலு மூலையிலும் கம்பு செருகும் துளை இருக்கும் என்று நம்புகிறேன். கம்புகளை மாட்டி வெள்ளைப் பருத்திக் கொசுவலை கட்டுங்கள். மயில்கழுத்துச் சுவருக்கு முன்னால் அந்த வெள்ளை வலை, பக்கத்தில் மஞ்சள் விளக்கு. படங்களில் நீங்கள் தேடியது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மற்றபடி சாமான் குறைவாகவே இருக்கட்டும். வெல்வெட் திரை நம் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கும். கரை போட்ட எட்டு முழ வேட்டியைத் திரையாக்குங்கள், வெளிச்சத்தை வடிகட்டி உள்ளே விடும். தரைக்குப் பவானி ஜமக்காளம். ஒரு நாற்காலி வேண்டுமென்றால், சீர்காழி தாண்டி கொள்ளிடம் பக்கம் தைக்காலில் பிரம்பு முடைகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து பார்த்து வாங்கலாம். நாச்சியார்கோவில் குத்துவிளக்கும் தஞ்சாவூர்ப் படமும் கூடத்துக்கும் பூஜைக்கும் உரியவை. படுக்கையறையில் அலங்காரத்துக்காக வைப்பது பெரியவர்களுக்கு உறுத்தும், எனக்கும்தான். அந்த இடத்தில் மாமியார் மாமனாரின் கல்யாணப் புகைப்படத்தை மாட்டலாம்; சட்டத்தின் பின்னால் நாலு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டினால் காற்றோட்டம் இருக்கும், படம் ஓதம் குடிக்காது.

கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம், மாமியாரைக் கேளுங்கள். வடக்கே தலைவைக்க ஒத்துக்கொள்ள மாட்டார். தெற்கோ கிழக்கோ சொல்வார். அவர் சொல்லும் சுவர்தான் மயில்கழுத்துச் சுவர். புடவை தொங்கவிடும் அன்றைக்கும் அவரையே கூப்பிட்டு நிற்க வையுங்கள். அந்த அறையில் முன்பு என்னென்ன இருந்தது, சுவர் என்ன நிறத்தில் இருந்தது என்று அவருக்கு நினைவிருக்கும். உப்பிய காரையைக் கொத்தும்போது அடியில் பழைய பட்டையின் நிறம் வெளிப்பட்டால், நான் சொன்ன காவியை விட்டுவிட்டு அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் கழிந்ததும் பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் பாருங்கள். எந்தச் சுவரில், எந்த உயரத்தில், தாளின் எந்தப் பக்கம் ஈரம் என்று குறித்து எனக்கு எழுதுங்கள். பட்டை ஜன்னல் மட்டத்தோடு நிற்கலாமா, இன்னும் ஒரு சாண் ஏற்ற வேண்டுமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.